இடிக்கிற சத்தமும் படிக்கிற சத்தமும்

கொற்கைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, கடல் எங்கே என்பது. கடல் பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. ஒரு குளம், ஒரு பழைய வன்னி மரம், சுற்றிலும் வாழையும் நெல்லும், இவைதான் இருக்கின்றன. கிரேக்க மாலுமிகள் பெயர் குறித்து வைத்த துறைமுகம் இது என்பதை வெளியூரிலிருந்து வந்தவர்தான் உள்ளூர்ச் சிறுவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடல் போனாலும் புறப்பட்டுப் போகிற பழக்கம் இந்த ஆற்றங்கரையை விட்டுப் போகவில்லை. துறைமுகம் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. ஆட்கள் கொழும்புக்கும் மலேயாவுக்கும் போனார்கள்; பிறகு பம்பாய்க்கு, பிறகு வளைகுடாவுக்கு, இப்போது கலிபோர்னியாவுக்கு.

இந்தப் போக்குவரத்தைப் பற்றி நம் புனைகதை எழுதாமல் இல்லை. கப்பல் வருகிறது, கங்காணி வருகிறான், கடிதம் வருகிறது, மணியார்டர் வருகிறது. திரும்பி வராதவனை நினைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவி வருகிறாள். இவற்றையெல்லாம் ஓர் எளிய சோதனைக்கு உட்படுத்திப் பார்க்கலாம். போன இடத்தில், அந்த வீட்டில், பாத்திரம் கழுவியது யார்? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை முதலில் கையில் எடுத்தது எதை, புத்தகத்தையா, குடத்தையா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிற தமிழ்க் கதைகளை எண்ண ஒரு கை போதும். இது ஏதோ சிறிய விடுபடல் என்று நான் நினைக்கவில்லை. இடம் பெயர்ந்தவனைப் பற்றிய நம் பார்வையே ஏக்கத்தின் மேல் கட்டப்பட்டது. ஏக்கத்துக்குச் சமையலறை தேவையில்லை. ஒரு ஜன்னல் இருந்தால் போதும்.

1

புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யிலிருந்து தொடங்க வேண்டும். 1935ல் ‘மணிக்கொடி’யில் வந்த கதை. வாசவன்பட்டி மருதி தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். இடம் பெயர்தலை ஒரு பெண்ணின் உடம்பின் வழியே சொல்ல முயன்ற முதல் தீவிரமான தமிழ்க் கதை இதுதான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அந்த உடம்பு கதையில் இரண்டு விதமாகத்தான் தெரிகிறது: சுரண்டப்படுகிற கூலியாக, சூறையாடப்படுகிற பெண்ணாக. கொழுந்து பறித்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய பிறகு அடுப்பு மூட்டுகிற மூன்றாவது உடம்பு ஒன்று உண்டு. அது புதுமைப்பித்தனின் கோபத்துக்கு அகப்படவில்லை. மகள் வெள்ளைச்சி சில பக்கங்களுக்குள் வளர்ந்துவிடுகிறாள். ஒரு பெண்பிள்ளை லயத்தில் வளர்வது என்றால் யாருடைய தண்ணீரை யார் சுமந்து வளர்வது என்கிற விவரம் அந்தப் பாய்ச்சலில் விழுந்துவிடுகிறது. கோபம் பெரிதாக இருக்கும்போது இப்படி நடக்கும். இதற்காகப் புதுமைப்பித்தனைக் குறைசொல்வது சிறுபிள்ளைத்தனம். அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த இடத்தை நிரப்பவில்லை என்பதுதான் விஷயம்.

அடுத்து ப. சிங்காரம். ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இரண்டும் மேதானையும் பினாங்கையும் தமிழ் வாக்கியத்துக்குள் கொண்டுவந்த விதத்துக்கு இன்றும் நிகரில்லை. அவை குடும்பமில்லாத ஆண்களின் உலகம். செட்டியார்களின் வட்டிக்கடையில் மேலாள், அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். கூட்டுவது, எடுபிடி, ஏவலுக்கு ஓடுவது எல்லாம் பையன் தலையில். இங்கே கவனிக்க ஒன்று உண்டு. பையன் செய்கிற இந்த வேலைக்குத் ‘தொழில் பழகுதல்’ என்று பெயர். அது ஒரு படிப்பு. கூட்டிப் பெருக்கியவன் ஒரு நாள் கணக்கு எழுதுவான், பிறகு ஆள் ஆவான், பிறகு தனிக்கடை வைப்பான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழும்புக்கும் சென்னைக்கும் மளிகைக் கடைக்கு அனுப்பப்பட்ட பையன்களுக்கும் இதே சட்டம்தான். அதே விளக்குமாறு ஒரு பெண்பிள்ளை கையில் இருந்தால் அது எதையும் பழகுதல் ஆகாது. அது எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத வேலை. ஆகவே அதற்குக் கதையும் இல்லை. நம் நாவலின் இலக்கணம் இது: கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை மட்டுமே சம்பவம்.

2

கதைகளை விட்டுவிட்டு நடந்த ஒன்றைப் பார்க்கலாம். கடையநல்லூர். அன்று திருநெல்வேலி ஜில்லா, 2019லிருந்து தென்காசி மாவட்டம். தாமிரபரணியில் போய்ச் சேருகிற சிற்றாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே முஸ்லிம் குடும்பங்கள் பல தறி நெய்தவை. தறி வீட்டில் ஆண் நெய்தால், தார் சுற்றுவதும் நூலைப் பக்குவம் பண்ணுவதும் பெண்களும் பிள்ளைகளும். அதாவது அந்த வீட்டில் ‘வீட்டு வேலை’, ‘தொழில்’ என்று இரண்டு இல்லை, ஒன்றுதான். மில் துணி வந்து தறியைச் சாய்த்தபோது இந்தக் குடும்பங்கள் சிங்கப்பூருக்குப் போயின. மற்றத் தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஆண்களாகப் போய் ஆண்களாகத் திரும்பினார்கள். கடையநல்லூர்க்காரர்கள் பெண்களையும் அழைத்துக்கொண்டு போனார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். அந்தப் பெண்கள் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் இடித்து விற்றார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர் தெரு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது.

1941ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்படுகிறது. யுத்தம் முடிந்து, ஜப்பானியர் போய், 1946ல் அவர்கள் ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். பெயர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. எட்டயபுரத்தில் வாழ்ந்து சீறாப்புராணம் பாடிய உமறு. சொந்த ஜில்லாவின் புலவன் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோய்ப் பள்ளிக்கு வைத்தவர்களில் பலர் கூலிக்காரர்கள், சில்லறை வியாபாரிகள், உலக்கை பிடித்தவர்களின் புருஷன்மார்கள். 1960ல் உயர்நிலை வகுப்புகள் வந்தன. தமிழிலேயே உயர்நிலைக் கல்வி தந்த பள்ளி சிங்கப்பூரில் அது ஒன்றுதான். 1982ல் மாணவர் இல்லாமல் மூடப்பட்டது. ஆங்கிலம் வேலை கொடுத்தது, தமிழ் கொடுக்கவில்லை. பெற்றோர் கணக்குப் பார்த்தார்கள். 1983லிருந்து அந்தப் பெயர் ஒரு தமிழ்மொழி நிலையத்தின் பெயராக இருந்துவருகிறது.

இந்தத் தேதிகளை அடுக்கி ஒரு சமூக வரலாறு எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்த அறை. ஓர் அறையில் உலக்கை விழுகிறது. மிளகாய் நெடி. அதே அறையில், அல்லது அதற்கு அடுத்த தட்டிக்கு அப்பால், ஒரு பிள்ளை உமறுப் புலவர் பள்ளியின் பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறது. இடிக்கிற சத்தமும் படிக்கிற சத்தமும் ஒன்றாகக் கேட்கின்றன. இடிக்கிறவளுக்குத் தமிழ் தெரியும். எழுத்து தெரியாவிட்டாலும் காது தெரியும். பிள்ளை ஒரு வரியை விட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். உலக்கையை நிறுத்தாமலே, ‘என்ன முழுங்கிட்டே?’ என்று கேட்க முடியும். இது ஊகம்தான். ஆனால் பாடமும் வேலையும் ஒரே மொழியில் நடந்தவரை, வேலை செய்கிறவள் பாடத்துக்கு வெளியே தள்ளப்படவில்லை என்பது ஊகம் அல்ல.

பாடம் ஆங்கிலத்துக்குப் போனதும் என்ன ஆகிறது? குடும்பம் அடுக்குமாடிக்குப் போகிறது. அங்கே நம் தரைதான் கீழ்வீட்டுக் கூரை, உலக்கை போட முடியாது. மசாலாவை இயந்திரம் அரைக்கிறது. பிள்ளை வாய்விட்டுப் படித்தாலும் தாய்க்கு எதுவும் பிடிபடுவதில்லை. அவளிடம் கொடுக்க மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான்: விலக்கு. ‘நீ படி. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.’

3

புலம் பெயர்ந்த இந்தியக் குடும்பங்களின் மகா வாக்கியம் இது. மலேயா ரப்பர்த் தோட்டத்தில் இது தயங்கித்தான் சொல்லப்பட்டது. 1923ன் தொழிலாளர் சட்டப்படி ஏழிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும். பள்ளி வைத்தார்கள், பிள்ளையைக் கோப்பை துடைக்கவும் ஓட்டுப்பால் பொறுக்கவும் கூட்டிக்கொண்டு போவதும் நிற்கவில்லை. 1965க்குப் பிறகு அமெரிக்கா போன டாக்டர், எஞ்சினியர் வீடுகளில் அதே வாக்கியம் தயக்கமில்லாத சட்டமாகிவிட்டது. அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளையின் புத்தகம் படிக்கத் தெரியும். அதனால் பள்ளிக்குப் பிறகு இன்னொரு பள்ளி சாப்பாட்டு மேஜையில் நடக்கிறது. அங்கே ஆங்கில எழுத்துக்கூட்டும் தேசியப் போட்டியில் 1985ல் பாலு நடராஜன் ஜெயித்தார். 2019ல் எட்டுப் பேர் சேர்ந்து பட்டம் வாங்கியதில் ஏழு பேர் இந்திய வம்சாவளியினர். நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த மணிகளில் அவர்களுடைய தட்டைக் கழுவியது யார் என்று கேட்பது அநாகரிகமாகக் கருதப்பட்டது.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘மத்தது’ என்கிற சொல்லில் என்னென்ன இருக்கின்றன? அடுப்பு, துணி, தம்பி, பாட்டியின் மருந்து, விருந்தாள். இத்தனையையும் ஒரு சொல்லில் மூட்டை கட்டி ஓரமாக வைக்கிறாள். வைத்த பிறகு அது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை, கடன் மாத்திரம் தெரிகிறது. பையன் வளர்ந்து எழுத்தாளனானால் அந்தக் கடனைத்தான் எழுதுகிறான். அம்மா இட்லி சுட்டாள், அம்மா புகையில் கண் கலங்கினாள், நான் படித்தேன். இட்லி எத்தனை மணிக்கு ஊறப்போட்டது, யார் ஆட்டியது என்று ஒரு வரி இருக்காது. இருந்தால் அது வேலையாகிவிடும். வேலையாகிவிட்டால் தியாகமாகப் பளபளக்காது. நம் தாய்மைச் சித்திரங்கள் பெரும்பாலும் இப்படி வேலையைத் தியாகமாக மாற்றிய நாணயங்கள்தான். வெகுஜனப் பத்திரிகைகள் இதைச் செய்தால் ஆச்சரியமில்லை. நாமும் செய்கிறோம்.

பெண்பிள்ளைக்கு அதே வாக்கியம் வேறு மாதிரி சொல்லப்படுகிறது: ‘படி. ஆனா இதையும் பாத்துக்கோ.’ வெளிநாட்டில் இந்த ‘இதையும்’ கனத்துப்போகிறது. ஊரில் ஆச்சி உண்டு, சித்தி உண்டு, கூலிக்கு வருகிறவள் உண்டு. அங்கே யாருமில்லை. கூட்டுக் குடும்பமும் தெருவும் சாதியும் சேர்ந்து மறைத்து வைத்திருந்த வேலை முழுவதும் மூன்று அறை வீட்டின் நடுவில் வந்து உட்காருகிறது. இடப்பெயர்ச்சியின் உண்மையான அதிர்ச்சி இதுதான் என்று நான் நினைக்கிறேன். பனியும் தனிமையும் இதற்குப் பிறகு. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கிடைத்த இடத்தில் அவன் ஜன்னலைத் திறந்து மல்லிகைப்பூவை நினைக்கிறான்.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இங்கே விதிவிலக்கு. ராஜஸ்தானத்து வீடு ஒன்றின் மூலையில் ஒதுக்கப்பட்ட அந்த அறையை அவர் கட்டடமாகவே பார்த்தார்: ஜன்னல் எங்கே, வெளிச்சம் எவ்வளவு, தண்ணீர் எங்கே போகிறது. சமையலறையைக் குறியீடாக்குவதற்கு முன் அறையாகப் பார்த்ததுதான் அதன் பலம். அந்த அறைக்குள் பாடப் புத்தகத்தோடு வந்து நிற்கிற பிள்ளையை நாம்தான் இன்னும் எழுதவில்லை.

4

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ இருக்கிறது. வரிபாக்கிக்காகக் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், குளிரில் கைக்குழந்தை சாகிறது. வறுமையின் குறியீடு என்று கதவைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். இது இடம் பெயர்ந்தவன் வீட்டுக் கதை என்பதை ஏனோ விட்டுவிட்டோம். தகப்பன் மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறான், பணமும் வரவில்லை, தகவலும் இல்லை. தாய் காட்டு வேலைக்குப் போகிறாள். குழந்தை லட்சுமியின் பொறுப்பு. அவளே ஒரு குழந்தை. அந்தப் பொறுப்பில் அவளுக்கு இருந்த ஒரே கருவி அந்தக் கதவு. கதவு இருந்தவரை வீடு என்பது காற்றடிக்காத ஓர் இடம், பிள்ளையைக் கிடத்தக்கூடிய இடம். கதவே விளையாட்டுப் பொருளாகவும் இருந்ததால் காவலும் விளையாட்டும் ஒன்றாகவே நடந்தன. கதவு போனதும் வேலை மட்டும் மிஞ்சியது, கருவி போய்விட்டது. சாவடியில் அதைக் கண்டதும் பிள்ளைகள் கட்டிக்கொள்கிற முடிவை இப்படி வாசித்தால் அதில் கண்ணீரைவிடக் கடுமையான ஒன்று தெரிகிறது. கி. ரா. லட்சுமி கஷ்டப்பட்டாள் என்று எங்கும் சொல்வதில்லை. அவள் கையில் என்ன இருந்தது, என்ன இல்லாமல் போனது என்பதை மட்டும் சொல்கிறார்.

2024ல் வந்த மாரி செல்வராஜின் ‘வாழை’ படத்தை இதன் பக்கத்தில் வைக்கலாம். நிலமும் இதே ஆற்றங்கரை. பள்ளிக்கூடத்தை நேசிக்கிற சிவனைந்தனை விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்க அனுப்புகிறாள் தாய். கடன் இருக்கிறது, வேறு வழியில்லை. ‘நீ படி, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்’ என்று சொல்ல முடியாத தாயைத் தமிழ்ச் சினிமா இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை. அது பெரிய காரியம். கடைசியில் பசி பொறுக்காமல் அவன் வீட்டுக்குள் சோற்றுச் சட்டியைத் தேடிப் போகும்போது எல்லோரும் அழுதோம். அந்தச் சட்டியில் சோறு தானாக வந்துவிடவில்லை. விடிவதற்குள் பொங்கி வைத்துவிட்டுத் தார் சுமக்கப் போன ஒரு கை இருக்கிறது. படம் அந்தச் சட்டியைக் காட்டுகிறது, அந்த விடியலைக் காட்டவில்லை. தார் சுமப்பது சம்பவம், சோறு பொங்குவது பின்னணி. இவ்வளவு கூர்மையான கலைஞனிடமும் அந்தப் பழைய இலக்கணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

5

இவ்வளவு பேசிவிட்டு என்னை விட்டுவிடுவது நியாயமாகாது. அப்பா பம்பாயில் இருந்தார். வீட்டில் அம்மாவும் அக்காவும் பீடி சுற்றினார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படிக்க வேண்டும். எனக்கு வேறு வேலை கிடையாது. அக்கா ஏழாம் வகுப்போடு நின்றாள். ராத்திரி விளக்கடியில் அவள் மடியில் பீடித்தட்டு, என் மடியில் புத்தகம். ‘ஏல, சத்தமாப் படில, எனக்குத் தூக்கம் வருது’ என்பாள். இலை வெட்டி, தூள் போட்டு, சுருட்டி, நூல் சுற்றி, முனை மடக்கி, கை நிற்காது. பரீட்சைக்கு முந்தின நாள் என்னால் சொல்ல முடியாத பதிலை அவள் எடுத்துக் கொடுத்தாள். புத்தகத்தைப் பாராமல், பீடியைப் பார்த்துக்கொண்டே.

பின்னாளில் நான் ஒரு கதை எழுதினேன். பம்பாயிலிருந்து வருகிற மணியார்டரைப் பற்றியது, அப்பாவின் கையெழுத்தைப் பற்றியது. நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதில் அக்கா இல்லை. வேண்டுமென்றே விடவில்லை, கதைக்கு அவள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். எந்த மாதிரிக் கதைக்கு அவள் தேவைப்படாமல் போகிறாள் என்பதை யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. மேலே சொன்னது எல்லாம் அந்த யோசனைதான்.

வீட்டு வேலையை எழுது என்றால் பிரச்சாரம் எழுதச் சொல்கிறான் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். என் கேள்வி உருவம் பற்றியது. வேலை திரும்பத் திரும்ப நடப்பது. வீட்டுப்பாடமும் அப்படியே. நம் சிறுகதை ஒரு முறை நடப்பதை எழுதப் பழகியது: ஒரு புறப்பாடு, ஒரு சாவு, ஒரு திறப்பு. ஆயிரம் முறை நடப்பதை எழுத அதற்கு வாக்கியம் இல்லை. புலம் பெயர்ந்தவனின் வாழ்வில் கப்பல் ஏறுவது ஒரு நாள், மிச்சம் முழுவதும் அந்த ஆயிரம். அதைத் தாங்குகிற வாக்கியத்தை உண்டாக்காமல் புலம்பெயர் இலக்கியம் என்று மலர்கள் போடுவதில் பயன் இல்லை.

கொற்கையை விட்டுக் கடல் ஒரு நாளில் போகவில்லை. ஆறு தினம் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து போட்டது. அன்றன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் நடக்காத நாள்.